ஓசிடியும் பழைய அதிர்ச்சியும் ஒரே ஆளிடம் இருந்தால்: சிகிச்சையை எந்த வரிசையில் நடத்துவது

கை கழுவிக்கொண்டே இருக்கிறேன் என்று ஒருவர் வந்து உட்கார்ந்தால், பயிற்சிக்கு வந்திருக்கும் பிள்ளைகள் உடனே தாளை எடுத்து, பயங்களைச் சிறியதிலிருந்து பெரியது வரை அடுக்கி ஏணிப்படி வரைய ஆரம்பித்துவிடுகிறார்கள். இரண்டாவது அமர்விலேயே கதவுக் கைப்பிடியைத் தொடச் சொல்கிறார்கள். மூன்றாவது அமர்வுக்கு ஆள் வருவதில்லை. ஏன் என்று விசாரித்தால், பல நேரம் அந்தக் கழுவலுக்கு அடியில் யாரிடமும் சொல்லாத ஒரு சம்பவம் இருந்திருக்கும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. "சின்ன வயசுல என்ன நடந்துச்சு?" என்று தோண்டித் தோண்டி ஆறு மாதம் கதை கேட்பார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகும் அவர் அதே நாற்பது தடவை கழுவிக்கொண்டிருப்பார்.

ஓசிடி என்பது வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, அதை அடக்க ஒரு செயலைக் கட்டாயமாகச் செய்யவைக்கும் நோய். அதிர்ச்சி என்று நான் சொல்வது, மனதில் நின்றுவிட்ட பழைய கொடுமையின் அல்லது விபத்தின் பாதிப்பை. ஓசிடிக்குத் தனியாகவும் அதிர்ச்சிக்குத் தனியாகவும் சோதித்துத் தேறிய சிகிச்சைகள் இருக்கின்றன. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கும்போது எதை எப்போது தொடுவது என்பதில்தான் ஆட்கள் தடுமாறுகிறார்கள். நான் பின்பற்றும் வரிசையைக் கீழே எழுதியிருக்கிறேன். சிகிச்சை தருபவர்களை மனதில் வைத்து எழுதியது. சிகிச்சையில் இருப்பவர்களும் வீட்டாரும் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளப் படிக்கலாம். ஆனால் 7ஆம் பகுதியில் இருப்பதை வீட்டில் தனியாகச் செய்து பார்க்க வேண்டாம்.

எடுத்துக்காட்டாக வரும் ‘சிலிண்டர் தம்பி’ ஒரே ஆள் இல்லை. பலருடைய சங்கதிகளைக் கலந்து, அடையாளம் தெரியாமல் மாற்றியது.

1. முதல் அமர்வுக்கு முன்பே தயாராக இருக்க வேண்டியவை

முதலில் நேரம். பதற்றம் உச்சிக்குப் போகும் சமயத்தில் "அடுத்தவங்க வெளியில காத்திருக்காங்க" என்று முடித்து அனுப்பினால், தப்பித்து ஓடினால்தான் பிழைப்போம் என்ற பாடத்தோடு அவர் வீட்டுக்குப் போவார். 90 நிமிடம் ஒதுக்குங்கள். கூட்டம் அதிகமுள்ள இடமென்றால் அன்றைய கடைசி நேரத்தை இவருக்குக் கொடுங்கள்.

இரண்டு அளவுகோல்கள் வேண்டும். ஓசிடிக்கு ஒய்-பாக்ஸ்: 10 கேள்விகள், 0 முதல் 40 வரை மதிப்பெண், 24ஐத் தொட்டால் கடுமை. அதிர்ச்சிக்கு பிசிஎல்-5: 20 கேள்விகள், 0 முதல் 80 வரை. 31–33 அல்லது அதற்கு மேல் வந்தால் பிடிஎஸ்டி (அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய்) இருக்கக்கூடும் என்று எடுத்துக்கொண்டு நேர்காணலில் உறுதிசெய்ய வேண்டும். முதல் வாரத்திலேயே இரண்டையும் எடுத்துவிட்டு, பிசிஎல்லை வாராவாரம் நிரப்பச் சொல்லுங்கள். காரணம், இவர்களில் சிலருக்கு ஓசிடி இறங்க இறங்க அதிர்ச்சியின் அறிகுறிகள் ஏறும். கண்ணால் பார்த்து அதைப் பிடிக்க முடியாது, எண்தான் காட்டிக்கொடுக்கும்.

தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. இருந்தால் மற்ற எல்லாம் நிற்கட்டும். மனநல மருத்துவரையும் வீட்டாரையும் சேர்த்துப் பாதுகாப்புத் திட்டம் முதலில். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐ எழுதிக் கையில் கொடுங்கள். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

பிறகு சட்டம். 18 வயதுக்குட்பட்ட ஒருவர் தனக்கு நடந்த பாலியல் கொடுமையைச் சொன்னால், 2012 போக்சோ சட்டப்படி நீங்கள் தகவல் கொடுத்தே ஆக வேண்டும். ரகசியம் காப்பது பற்றிப் பேசும் முதல் பத்து நிமிடத்திலேயே இதைச் சொல்லிவிடுங்கள். எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு தெரியவந்தால், இன்னொருவரும் தன்னை ஏமாற்றிவிட்டதாகவே அந்தப் பிள்ளை நினைக்கும்.

இதை ஒட்டி ஒரு எச்சரிக்கை. ஓசிடி உள்ள ஒருவர் "குழந்தையப் பாத்தா அசிங்கமான எண்ணம் வருது மேடம்" என்று அழுதால் அது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது. அந்த எண்ணத்துக்குப் பயந்து சொந்த அக்கா பிள்ளையைக்கூடத் தூக்காமல் இருக்கிறவர் அவர். ஒருமுறை இதைக் கேட்ட பயிற்சி மாணவி ஒருத்தியின் பேனா நின்றுவிட்டது. நாற்காலி அரை அடி பின்னால் போனது. அவர் பார்த்துவிட்டார். அந்த அரை அடியைச் சரிசெய்ய மூன்று அமர்வு ஆனது.

2. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது

அதிர்ச்சி நினைவு, நடந்து முடிந்த ஒன்றை இப்போது நடப்பதுபோலக் கொண்டுவந்து நிறுத்தும். ஓசிடி எண்ணம் ‘ஒருவேளை’ என்று தொடங்கும்: ஒருவேளை ஒட்டிக்கொண்டிருந்தால், ஒருவேளை நான் பூட்டாமல் வந்திருந்தால். "இது நடந்ததா, நடந்துடுமோன்னு பயமா?" என்று கேட்டாலே பாதி தெளியும்.

செயலை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். வீட்டில் திருடன் புகுந்து தாக்கப்பட்ட பெண் இரவில் தாழ்ப்பாளைப் பார்ப்பார். இரண்டு தடவை பார்த்துவிட்டுப் படுத்துவிட்டால் அது எச்சரிக்கை உணர்வு. கை ‘சரியாக’ உணரும் வரை, அல்லது ஏழாவது எண்ணிக்கை வரும் வரை பார்த்தால் அது ஓசிடி. ஒரே பெண்ணிடம் இரண்டும் இருக்கலாம்.

நம் வீடுகளில் ஆசாரம் குறுக்கே வரும். சாவு வீட்டுக்குப் போய்வந்து தலைக்குக் குளிப்பதையும், எச்சில் பத்து பார்ப்பதையும் நோய் என்று எழுதிவிடாதீர்கள். நான் கேட்பது ஒன்றுதான்: "உங்க வீட்டுல மத்தவங்க எத்தனை தடவை செய்வாங்க?" அம்மா ஒரு சொம்பு ஊற்றிக்கொண்டு உள்ளே வர, மகள் மேல்தொட்டி காலியாகும் வரை குளியலறையில் இருந்தால் அது ஆசாரத்தைத் தாண்டிய விஷயம்.

இந்தக் கட்டத்தில் நடக்கும் பெரிய விபத்து ஒன்று உண்டு. "எனக்கு ஞாபகம் இல்லாம நான் யாரையாவது ஏதாவது பண்ணிட்டேனோ?" என்று கேட்கிறவருக்கு, மறைந்திருக்கும் நினைவைத் தோண்டி எடுக்கப் போவார்கள். அது ஓசிடியின் சந்தேகம். தோண்டத் தோண்டச் சந்தேகம் கொழுக்கும். நினைவைத் துழாவுவதே அவருடைய கட்டாயச் செயல். நீங்கள் அதற்கு வாரம் ஒருமுறை கூலி வாங்கிக்கொண்டு துணை போவீர்கள். அவருக்குத் தேவை 5ஆம் பகுதி, 7 இல்லை.

3. முடிச்சு எங்கே என்று கண்டுபிடிப்பது

ஒரு வாரம் குறிப்பேடு. நான்கு பத்தி: எப்போது, என்ன எண்ணம் வந்தது, என்ன செய்தேன், செய்யாமல் விட்டிருந்தால் என்ன வந்திருக்கும். நான்காவது பத்திக்காகத்தான் மற்ற மூன்றும்.

சிலிண்டர் தம்பிக்கு 31 வயது. வேலைக்குக் கிளம்பும் முன் கேஸ் ரெகுலேட்டரை நாற்பது தடவைக்குக் குறையாமல் திருகிப் பார்ப்பார். பிறகு செல்போனில் படம் எடுப்பார், பஸ்ஸில் போகும்போது பெரிதாக்கிப் பார்ப்பதற்காக. ஒரு நாளைக்கு இருபது படம். அழித்தால் அன்றைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று அழிக்கவும் மாட்டார்.

முதல் நான்கு நாள் நான்காவது பத்தியில் "வீடு எரியும்" என்றே எழுதியிருந்தார். ஐந்தாம் நாள், சின்ன எழுத்தில்: "உஸ்ஸுனு சத்தம் கேக்கும்."

11 வயதில் அத்தை வீட்டில் தீ. அவர் பக்கத்து அறையில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டது, ஓவர் முடியட்டும் என்று எழுந்திருக்கவில்லை. அத்தை பிழைக்கவில்லை. இருபது வருடமாகத் திருகிக்கொண்டிருப்பது இன்றைய ரெகுலேட்டரை மட்டும் இல்லை.

இப்படி எழுதிக்காட்டினால் ஓசிடியும் அதிர்ச்சியும் பிணைந்திருக்கும் முடிச்சு தெரியும். எல்லோருக்கும் இருக்கும் என்று நினைக்காதீர்கள். அதிர்ச்சி ஒரு பக்கம், ஓசிடி ஒரு பக்கம் என்று ஒட்டே இல்லாமல் இருப்பவர்களும் வருவார்கள். அவர்களுக்கு வலிந்து முடிச்சுப் போடாதீர்கள்.

4. எதை முதலில் தொடுவது

ஆபத்து இன்னும் வீட்டுக்குள் இருந்தால் இரண்டையும் தொடாதீர்கள். கொடுமை செய்தவர் அதே கூரையின் கீழ் இருக்கும்போது, ராத்திரி தாழ்ப்பாளைப் பார்க்காதே என்று சொல்வது சிகிச்சை ஆகாது. இடம் மாற்றுவது, துணைக்கு ஒருவர், சட்ட உதவி, இவை முன்னால்.

முடிச்சு இல்லாவிட்டால், அன்றாடத்தை எது அதிகம் முடக்குகிறதோ அதை முதலில் எடுங்கள். ஓசிடியில் ஒரு நாளின் நான்கைந்து மணி நேரம் போகிறதென்றால் அதுதான். வேறு எதற்கும் அவருக்கு நேரமே இருக்காது.

முடிச்சு இருந்தால் நான் ஓசிடியிலிருந்து ஆரம்பித்து, பாதி வழியில் நினைவைச் சேர்த்துக்கொள்வேன். காரணம் நடைமுறை சார்ந்தது. கட்டாயச் செயல் முழு வேகத்தில் இருக்கும்போது நினைவைப் பேசவைத்தால், ஒவ்வொரு வாக்கியத்தையும் மனசுக்குள் ஒரு சுலோகம் சொல்லித் துடைத்துக்கொண்டே பேசுவார். பேசியது பதியாது. அதேபோல, கட்டாயச் செயலை முழுதும் நிறுத்திவிட்டு நினைவைத் தொடாமல் விட்டால், அதுவரை அடங்கியிருந்த கெட்ட கனவுகள் வந்து நிற்கும்.

இதற்கு ஒரு விலக்கு. பாலியல் கொடுமைக்குப் பிறகு, எதையும் தொடாமலேயே, நினைத்த மாத்திரத்தில் உடம்பு முழுக்க அழுக்கு என்று உணர்ந்து குளிப்பவர்கள். அழுக்கு வெளியில் இல்லாததால் கதவுக் கைப்பிடி, செருப்பு என்று ஏணி போட்டுப் பயனில்லை. இவர்களுக்கு நினைவும், "நான் கெட்டுப்போனவ" என்ற தீர்ப்பும்தான் முதலில்.

5. எதிர்கொள்ளலும் செயல்தடுப்பும்

இஆர்பி என்று சொல்கிறோமே, அதில் பயத்தை எதிர்கொள்ளல் பாதி, கட்டாயச் செயலைத் தடுப்பது மீதி. புதியவர்கள் முதல் பாதியோடு நின்றுவிடுகிறார்கள். பயத்தைத் தூண்டிவிட்டு, வீட்டுக்குப் போய்க் கழுவிக்கொள்ள விட்டால் நோய்க்குத்தான் தீனி.

ஏணியில் பத்துப் பன்னிரண்டு படி போதும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை பதற்ற மதிப்பு. 40–50 உள்ளதில் தொடங்குங்கள். பத்தில் தொடங்கினால் அவருக்கு ஒன்றும் புதிதாகத் தெரியவராது. 90இல் தொடங்கினால் அடுத்த வாரம் வரமாட்டார்.

ஒவ்வொரு படிக்கும் முன் ஒரு கணிப்பை எழுதவையுங்கள். சிலிண்டர் தம்பி எழுதியது: "படம் எடுக்காம போனா, மத்தியானத்துக்குள்ள பக்கத்து வீட்டிலிருந்து போன் வரும். 80 சதவீதம் நிச்சயம்." ரெகுலேட்டரை ஒருமுறை மூடிவிட்டு, படம் எடுக்காமல், என்னோடு தெருமுனை டீக்கடை வரை நடந்தார். போனை என் பையில் போட்டுவிட்டேன். பதற்றம் 85க்குப் போனது. முகம் வெளிறி, டீ கை மேல் சிந்தியது. அவர் என்னிடம் கேட்டார்:

"ஒண்ணும் ஆகாதுல்ல மேடம்?"

இந்த இடத்தில்தான் எல்லோரும் வழுக்குகிறார்கள். "ஒண்ணும் ஆகாது தம்பி" என்ற வார்த்தை நாக்கு நுனியில் நிற்கும். சொன்னால், நாற்பதாவது திருகலை நீங்கள் செய்துகொடுத்ததாக ஆகும். நான் சொன்னது: "தெரியாது. பாப்போம். இப்போ எத்தனை?" எண்ணை மட்டும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டிருந்தேன். முக்கால் மணியில் 50. முழுதும் இறங்க வேண்டும் என்று நான் காத்திருக்கவில்லை. பதற்றம் இருக்கும்போதே திருகாமல் இருக்க முடிந்தது என்பதுதான் அன்றைக்கு அவர் கற்றுக்கொள்ள வேண்டியது. மாலையில் கணிப்பை எடுத்து, என்ன நடந்தது என்று பக்கத்தில் அவர் கையாலேயே எழுதினார்.

வரம்பு ஒன்று: சாதாரண மனிதர் செய்யாததைச் செய்யச் சொல்லாதீர்கள். ராத்திரி ரெகுலேட்டரை மூடுவது எல்லோரும் செய்ய வேண்டிய பாதுகாப்பு. கேஸில் நாற்றத்துக்கென்றே மெர்காப்டன் கலப்பதும் கசிந்தால் மூக்கு கண்டுபிடிக்கத்தான். ஒருமுறை மூடு, மூக்கை நம்பு. அதோடு சரி. பயத்தைப் போக்குகிறேன் என்று குமிழைத் திறந்துவிட்டுப் போகச் சொன்ன ஒரு புத்திசாலியை எனக்குத் தெரியும்.

மனசுக்குள் செய்யும் சடங்குகளைத் தனியாகக் கேளுங்கள். எண்ணுவது, சாமி பெயரைச் சொல்லி எண்ணத்தை வெட்டுவது, நடந்ததை ஓட்டிப் பார்ப்பது. வெளியே அசையாமல் உட்கார்ந்திருப்பார். உள்ளே 108 ஓடிக்கொண்டிருக்கும். பதற்றம் சந்தேகப்படும் அளவுக்கு வேகமாக இறங்கினால், "உள்ள என்ன பண்ணீங்க?" என்று கேளுங்கள்.

மூச்சுப் பயிற்சியை இந்தக் கட்டத்தில் சொல்லிக்கொடுக்க வேண்டாம். ஓசிடிக்காரர் கையில் அது இரண்டு வாரத்தில் புதுச் சடங்காகிவிடும்: நான்கு எண்ணி இழுத்தது சரியாக நான்கா, நான்கரையா?

6. வீட்டாரைப் பழக்குவது

கழுவுவதற்குத் தண்ணீர் பிடித்து வைப்பது, "பூட்டிட்டேன்பா, போய்ட்டு வா" என்று வாசலில் நின்று பத்து தடவை சொல்வது, சோப்பு வாங்கிக் கொடுப்பது. எல்லாம் பாசத்தில் செய்வது, எல்லாம் நோய்க்கு உரம். ஒரே நாளில் நிறுத்தச் சொன்னால் வீட்டில் சண்டை வெடிக்கும், அதிர்ச்சி உள்ளவருக்கு அது பழையதைக் கிளப்பும். அவர் முன்னிலையிலேயே, வாரத்துக்கு ஒன்றாக, அவர் ஒத்துக்கொண்டதை மட்டும் குறையுங்கள்.

சொல்லவேண்டிய வாக்கியத்தை எழுதிக் கொடுங்கள். சிலிண்டர் தம்பியின் அம்மாவுக்கு நான் கொடுத்தது: "இது ஓசிடி கேக்குற கேள்விய்யா, நான் பதில் சொல்ல மாட்டேன். வா, சாப்பிடு." அந்தம்மா முதல் வாரம் முதல் வாக்கியத்தை விட்டுவிட்டு "வா, சாப்பிடு" மட்டும் சொன்னார். அதுவும் வேலை செய்தது.

கொடுமைச் சம்பவத்தை வீட்டாரிடம் நீங்கள் சொல்லாதீர்கள். எதைச் சொல்வது, யாரிடம் சொல்வது என்பது அவர் முடிவு.

7. நினைவுக்குள் போவது

ஏணியில் பாதி ஏறி, கட்டாயச் செயலைத் தள்ளிப்போட முடிகிறது என்று அவருக்கே தெரிந்த பிறகு. நான் பயன்படுத்துவது நீட்டித்த எதிர்கொள்ளல். இதைத் தனியாக நடத்தினால் வழக்கமாக 8 முதல் 15 அமர்வு. கண்ணை மூடி, இப்போது நடப்பதுபோல, "சத்தம் கேக்குது, டிவில ஓவர் போய்க்கிட்டிருக்கு" என்று முழுச் சம்பவத்தையும் சொல்லவைப்பது. முடிந்ததும் அதே அமர்விலேயே மீண்டும். முப்பது நாற்பது நிமிடம். பிறகு கண் திறந்து அதைப் பற்றிப் பேச்சு. ஒலிப்பதிவை வீட்டில் தினமும் கேட்க வேண்டும்.

பார்வை நிலைகுத்தி, கூப்பிட்டால் பதில் வராமல், ஆள் அறையிலேயே இல்லாததுபோல ஆனால் நிறுத்திக் கண் திறக்கச் சொல்லுங்கள். கால் தரையில் படட்டும். அப்புறம் "கேட்டது, போனது" என்று இறந்தகாலத்தில் சொல்லட்டும். இங்கே இல்லாத ஆள் எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

இது வரை பிடிஎஸ்டி கையேட்டில் இருப்பதுதான். ஓசிடியும் இருப்பவரிடம் கூடுதலாக நடப்பதைப் பாருங்கள். ஒலிப்பதிவைத் தினமும் ஒருமுறை கேட்கச் சொன்னால் சிலிண்டர் தம்பி பதினோரு முறை கேட்டுவந்தார். சத்தம் கேட்டதுக்கும் எழுந்ததுக்கும் நடுவில் எத்தனை நொடி என்று கணக்கெடுத்திருந்தார். சிகிச்சையையே சோதனைக் கருவியாக்கிவிட்டார். விதி போட்டேன்: ஒருமுறை, நிறுத்தாமல், பின்னால் ஓட்டாமல். "நான் சரியா சொன்னேனா, ஏதாவது விட்டுட்டேனா?" என்ற கேள்விக்கு 5ஆம் பகுதியில் சொன்ன அதே பதில்: தெரியாது.

குற்ற உணர்வுக்கு ஆறுதல் சொல்லித் தீர்க்க முயலாதீர்கள். "நீ சின்னப் பையன், உன் தப்பில்ல" என்று இருபது வருடமாக எல்லோரும் சொல்லியாகிவிட்டது. நான் அவரை 11 வயதுப் பையன் ஒருவன் என்ன உயரம் இருப்பான் என்று சுவரில் பென்சிலால் கோடு போட்டுக் காட்டச் சொன்னேன். கோடு அவர் நெஞ்சுக்குக் கீழே வந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

நினைவு சூடாக இருக்கும் வாரங்களில் ஏணியில் புதிய படி ஏற்றாதீர்கள். ஏற்கெனவே ஏறியதைத் தொடர்ந்து செய்தால் போதும். பிசிஎல் முதல் ஓரிரு வாரம் கொஞ்சம் ஏறலாம். நாலைந்து அமர்வுக்குப் பிறகும் ஏறிக்கொண்டே போனால் மேற்பார்வையாளரிடம் போங்கள்.

8. மாத்திரை

எழுதுவது மருத்துவர் வேலை. உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது: செர்ட்ராலின் போன்ற எஸ்எஸ்ஆர்ஐ வகை மனச்சோர்வு மாத்திரைகள் இரண்டுக்கும் உதவும். ஓசிடிக்கு மனச்சோர்வுக்குத் தருவதைவிட அதிக அளவு தேவைப்படலாம், பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். மூன்றாவது வாரத்தில் "கேக்கல" என்று அவரே நிறுத்திவிடாமல் பாருங்கள்.

பதற்றம் வந்தால் போட்டுக்கொள்ளும் தூக்க வகை மாத்திரை சட்டைப்பையில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். போடாவிட்டாலும், பையில் இருக்கிறது என்ற தைரியத்திலேயே படி ஏறுவார்கள். அதை மருத்துவரிடம் பேசிக் குறைக்க வேண்டும். நீங்களாக நிறுத்தச் சொல்லாதீர்கள்.

9. எப்போது இடைவெளி விடுவது

ஒய்-பாக்ஸ் தொடக்கத்திலிருந்து 35 சதவீதம் குறைந்தால் சிகிச்சை பலன் தந்தது என்று கணக்கு. 30இலிருந்து 19 வந்தாலே போதும் என்று புதியவர்கள் முடித்துவிடுகிறார்கள். 19 இன்னும் நடுத்தர நோய். 12, 13 வரும் வரை நான் வாராந்திர அமர்வை விடுவதில்லை. பிறகு இரண்டு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம் என்று தள்ளிப்போடலாம்.

எந்த நாட்களில் திரும்பத் தலைதூக்கும் என்று முன்கூட்டியே பட்டியல் போடுங்கள்: சம்பவம் நடந்த தேதி, பரீட்சை, குழந்தை பிறப்பு, வீடு மாறுவது. சிலிண்டர் தம்பி ஐந்து மாதம் கழித்து வீடு மாறினார். புது அடுப்பு, புது ரெகுலேட்டர். முதல் நாள் ஆறு தடவை திருகிவிட்டு எனக்குப் போன் செய்தார். ஏணித் தாளை எடுத்து நடுப்படியிலிருந்து மறுபடி தொடங்கச் சொன்னேன். "போட்டோ எடுத்தீங்களா?" என்று கேட்டேன். எடுக்கவில்லை.